பிளெண்டரும் கேமராவின் கண்ணும்: ஓர் அனிமேஷன் மாணவரின் மதிப்புரை

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதும், மாடலிங் முதல் எடிட்டிங் வரை எல்லாவற்றையும் அதற்குள்ளேயே செய்துவிடலாம் என்பதும் அனிமேஷன் படிக்கும் எவருக்கும் தெரிந்த செய்திகள்தான். இந்த மதிப்புரையில் நான் பேச விரும்புவது வேறு. பார்ப்பவர் "நிஜம் போலவே இருக்கிறது" என்று சொல்லத்தக்க ஒரு பிம்பத்தை உருவாக்க நினைக்கும் மாணவருக்கு இந்தக் கருவி எதைத் தருகிறது, எதை அவர் தலையிலேயே விட்டுவிடுகிறது என்பதைத் திரைப்பட வரலாற்றின் துணையோடு பார்க்க விரும்புகிறேன். வகுப்பில் திரைப்பட வரலாறும் முப்பரிமாண அனிமேஷனும் தனித்தனிப் பாடங்களாக நடத்தப்படுகின்றன. முன்னதைத் தேர்வுக்காகவும் பின்னதை வேலைக்காகவும் படிக்கிறோம். பிளெண்டரோடு பழகப் பழக, இரண்டும் ஒரே பாடம் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டிருக்கிறது. ஏனென்றால் இந்த மென்பொருளில் நாம் தேடி அலையும் நிஜம், வெறும் கண்ணால் காணும் நிஜம் அன்று; 1895-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் படம் காட்டிய நாளிலிருந்து லென்ஸும் படச்சுருளும் நம்மைப் பழக்கி வைத்திருக்கும் நிஜம்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசன்டால் தம் அனிமேஷன் நிறுவனமான நியோஜியோவின் உள்பயன்பாட்டுக்காக 1994-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. பின்னர் இதை விற்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, பயனர்களிடம் நன்கொடை திரட்டி 1,00,000 யூரோவுக்கு உரிமையை வாங்கி, அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று குனு பொது உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் பணம் ஏழே வாரங்களில் சேர்ந்தது. இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள பிளெண்டர் அறக்கட்டளை இதை நடத்துகிறது. கட்டணம் கிடையாது, மாணவர் பதிப்பு என்ற தனி ஏற்பாடும் கிடையாது, படிப்பு முடிந்த மறுநாள் காலாவதியாகிவிடும் உரிமமும் கிடையாது. சொந்தப் பணத்தில் கணினி வாங்கிப் படிக்கும் ஒருவருக்கு இது சிறிய விஷயமில்லை.

நிஜத்தோற்றம் என்று வரும்போது பிளெண்டரின் இதயம் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சின், அதாவது காட்சியின் ஒளியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கித் தரும் பகுதி. 2011 டிசம்பரில் வெளிவந்த 2.61 பதிப்பில் அது முதன்முதலாகச் சேர்ந்தது. அதன் அருமையை உணர, கணினி வரைகலை கடந்துவந்த பாதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த, வியட்நாமில் பிறந்த பூய் துவோங் ஃபோங் 1973-இல் ஒரு பரப்பின் மேல் ஒளி பளபளக்கும் விதத்தை ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கினார். அந்தச் சூத்திரத்தில் எல்லாப் பொருளும் கொஞ்சம் பிளாஸ்டிக் போலத் தெரியும். 1995-இல் முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் பொம்மைகளைக் கதைமாந்தர்களாகக் கொண்டிருந்தது தற்செயல் அன்று. அன்றைய தொழில்நுட்பம் நம்பும்படியாகக் காட்டக்கூடிய பொருள் பிளாஸ்டிக்தான். இதற்கிடையே டர்னர் விட்டெட் பெல் ஆய்வகத்தில் ஒளிக்கதிரைப் பின்தொடரும் முறையை வகுத்துக் கண்ணாடி உருண்டைகளில் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் காட்டினார். 1984-இல் லூகாஸ்ஃபிலிமின் குக், போர்ட்டர், கார்பென்டர் மூவரும் அந்தக் கதிர்களைச் சிதறவிட்டு, ஓரம் மங்கிய நிழல், லென்ஸின் குவியத்துக்கு வெளியே கலங்கும் பொருள், அசைவில் ஏற்படும் தடம் ஆகிய மூன்றையும் ஒரே வழியில் பெற்றார்கள். 1986-இல் ஜிம் கஜியா, ஒளி ஒரு காட்சிக்குள் நடமாடும் முழுக் கணக்கையும் ஒரே சமன்பாடாக எழுதி, அதைத் தீர்ப்பதற்கு, ஒளி பட்டுப் பட்டுத் திரும்பும் பாதைகளைத் தற்செயலாகத் தேர்ந்து பின்தொடரும் பாத் டிரேசிங் என்ற முறையையும் முன்வைத்தார்.

சமன்பாடு கிடைத்துவிட்டாலும் அதைத் தீர்க்கும் அளவுக்கு வேகமான கணினிகள் அன்று இல்லை. ஒரு முழுநீள அனிமேஷன் படம் முழுவதுமே பாத் டிரேசிங்கில் ரெண்டர் ஆனது 2006-இல், மான்ஸ்டர் ஹவுஸ் படத்தில்தான். அதே முறை, ஐந்தே ஆண்டுகளில், யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளும் ஓர் இலவச மென்பொருளுக்குள் சைக்கிள்ஸாக வந்து அமர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. கஜியாவின் சமன்பாட்டைப் பாடத்தில் படித்த கையோடு, அதையே மடிக்கணினியில் ஓடவிட்டுப் பார்க்க முடிகிற தலைமுறை நாங்கள்.

சைக்கிள்ஸ் மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை, நேரடியாக விழும் ஒளியைக் காட்டிலும், பட்டுத் திரும்பும் ஒளியைக் கையாள்வது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நினைவுக்கு வருகிறார். சத்யஜித் ராயின் அபராஜிதோ படத்துக்காக, காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாக அமைத்தார்கள். நான்கு பக்கமும் உயர்ந்த சுவர்கள், மேலே திறந்த வானம் என்ற அமைப்பு அது. அப்படிப்பட்ட முற்றத்துக்குள் வெயில் நேராக விழாது. வானத்தின் வெளிச்சம்தான் நிழலே இல்லாமல் மெதுவாக இறங்கி நிறையும். ஸ்டுடியோ விளக்குகளை நேரடியாக அடித்தால் சுவரெங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிழல்கள் விழுந்து, அது செட் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மித்ரா முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம் பிடித்தார். படம் வெளியானது 1956-இல். கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஒரு பெட்டிக்குள் வண்ணச் சுவரிலிருந்து பக்கத்துச் சுவருக்கு நிறம் படர்வதைக் கணக்கிட்டுக் காட்டியது 1984-இல். ஓர் ஒளிப்பதிவாளர் துணியைக் கட்டித் தீர்த்த சிக்கலைக் கணினி அறிஞர்கள் சமன்பாடாக எழுத இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

மித்ராவின் அந்த அமைப்பைப் பிளெண்டரில் அப்படியே கட்டிப் பார்க்கலாம். நான்கு சுவர்கள், மேலே ஒரு வெள்ளைத் தளம், அதை நோக்கிக் கீழிருந்து இரண்டு விளக்குகள் போதும். சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தால், அந்த வெளிச்சம் சுவரில் இறங்கி, தரையில் பட்டு, தூணின் அடிப்பகுதியைத் தொட்டு எழும் விதம், விளக்கைப் பற்றிப் பாடநூலில் இருக்கும் எந்தப் படத்தையும்விடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்கிறது. காவி பூசிய சுவர் என்றால் அதன் நிறம் எதிர்ச்சுவரில் இலேசாக ஏறுவதும் தெரியும். முற்றத்தில் விளக்கைத் தாறுமாறாக வைத்தால் படம் செட் போலவே தெரிகிறது என்பதையும் சைக்கிள்ஸ் அதே நேர்மையோடு காட்டிவிடும். இயற்பியலைச் சரியாகக் கணக்கிடுவது மென்பொருளின் பொறுப்பு. விளக்கை எங்கே வைப்பது என்பது ஒளிப்பதிவாளரின் பொறுப்பு. பாத் டிரேசிங் வந்துவிட்டதால் ஒளியமைப்பு தானாகவே அமைந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வருபவர்கள், திரைப்பட வரலாற்றில் ஒளிப்பதிவைப் பற்றிய அத்தியாயங்களை முதலில் படிப்பது நல்லது.

இந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. கதிர்களைத் தற்செயலாக எறிந்து சராசரி எடுக்கும் முறை என்பதால், குறைவாக எறிந்தால் படம் முழுவதும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் நிற்கும். நாய்ஸ் எனப்படும் அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கச் சாம்பிள்களை, அதாவது எறியும் கதிர்களை, நான்கு மடங்காக்க வேண்டும். கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. கணிதத்தின் விதி இது என்பதால் எந்தப் பதிப்பிலும் மாறப்போவதில்லை. 2021-இன் இறுதியில் வந்த 3.0 பதிப்பில் எஞ்சினின் உட்பகுதி திருத்தி எழுதப்பட்டு வேகம் கூடியது. ஆனாலும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், ஒரு சாதாரண அறைக்காட்சியின் பத்து வினாடிக்கு, அதாவது 240 ஃபிரேம்களுக்கு, இரவு முழுவதும் ஒதுக்க வேண்டியிருக்கும். இதற்கு மாற்றாக, புள்ளிகளைத் துடைத்தெடுக்க இன்டெல் உருவாக்கிய டீநாய்சர் 2.81 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. நிலைப்படத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் ஓடும் காட்சியில், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் துடைப்பதால் சுவரின் சொரசொரப்பு ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் கரைந்து, மறுபடி தோன்றி, நீருக்கடியில் பார்ப்பது போல நெளியும். படச்சுருளின் பொடியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதுதான். அதைக் கண் பல தலைமுறைகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. டீநாய்சர் விட்டுச்செல்லும் நெளிவை அது ஏற்பதில்லை. ஆகவே கொஞ்சம் நாய்ஸை அப்படியே விட்டு வைப்பது, மழுங்கத் துடைப்பதைவிடப் பல நேரங்களில் நல்ல முடிவு என்பது என் கருத்து.

அடுத்து பொருள்களின் பரப்பு. பிளெண்டரில் பிரின்சிபிள்டு பிஎஸ்டிஎஃப் என்ற ஒரே ஷேடரில், அதாவது பரப்பின் தோற்றத்தை வகுக்கும் அமைப்பில், உலோகம், மரம், தோல், துணி எல்லாவற்றையும் அமைக்கலாம். டிஸ்னியின் பிரென்ட் பர்லி 2012-இல் வெளியிட்ட மாதிரியைத் தழுவியது இது. ஓவியர்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை, எந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு திருப்பினாலும் முடிவு நம்பும்படி இருக்க வேண்டும் என்பது பர்லியின் நோக்கம். அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியிருக்கிறது என்றே சொல்வேன். ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொள்வோம். வடிவத்தைச் செய்து, உலோகத்தன்மையைக் குறிக்கும் மெட்டாலிக் என்பதை 1 ஆக்கி, மஞ்சள் கலந்த நிறம் கொடுத்து, சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னெஸை 0.2 அளவில் வைத்தால் உடனே பித்தளை வந்துவிடும். ஆனால் அது கடைக்காட்சிப் பெட்டியில் இருக்கும் பித்தளை. யாரும் தண்ணீர் மொண்டு குடித்திராத செம்பு.

புழங்கிய செம்பு வேறு. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதன் வயிற்றைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாக ஓடியிருக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் அந்தக் கீறல்கள் ஒளியை ஒரு பக்கமாக இழுத்து, நீண்ட பளபளப்பாக்கும். கழுத்தின் உட்குழிவில் விரல் சரியாக எட்டாததால் கறுத்திருக்கும். வாய் விளிம்பு கூராக இல்லாமல் தேய்ந்து உருண்டு, அந்த உருட்சியில் மயிரிழை போல ஓர் ஒளிக்கோடு நிற்கும். கீழே விழுந்த தடமாக ஒரு நெளிசல். பிடித்த கையின் ஈரம் உலர்ந்த இடத்தில் பளபளப்பு சற்றே மந்தமாக இருக்கும். இவை அத்தனைக்கும் பிளெண்டரில் வழி இருக்கிறது: கீறல்களுக்கு அனைசோட்ரோபிக் கட்டுப்பாடு, உருண்ட விளிம்புக்குப் பெவல், குழிவின் கறுப்புக்கு ஆம்பியன்ட் அக்லூஷன் நோட் (நோட் என்பது ஒன்றோடொன்று இணைத்துப் பரப்பை அமைக்கும் கட்டம்), கைத்தடத்துக்கு ரஃப்னெஸ் மேல் ஒரு டெக்ஸ்சர். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது செம்பு ஒரு படி நிஜமாகிறது. ஆனால் எதைச் சேர்க்க வேண்டும் என்பதை எந்த மெனுவும் சொல்லாது. அடுப்படியில் உட்கார்ந்து செம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். கலை இயக்குநர்கள் புதிதாகச் செய்த செட்டில் புகையும் அழுக்கும் ஏற்றிப் பழமையாக்கும் வேலையைக் காலம் காலமாகச் செய்துவருகிறார்கள். அதே வேலைதான் இங்கே நோட்களாக மாறியிருக்கிறது.

இனி நிறம். பிளெண்டரில் நிஜத்தோற்றத்துக்கு மிகப் பெரிய உதவி செய்வதும், தொடக்க நிலை மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் கலர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியே என்று நினைக்கிறேன். சைக்கிள்ஸ் கணக்கிடும் ஒளிக்கு மேல்வரம்பு கிடையாது, திரைக்கு உண்டு. ஒரு தீபச்சுடரின் பிரகாசம், பக்கத்துச் சுவரைப் போல நூறு மடங்கு இருக்கலாம். அதை எப்படித் திரையின் சிறிய எல்லைக்குள் மடக்குவது? ஸ்டாண்டர்டு என்ற பழைய முறையில் எல்லையைத் தாண்டியவை அனைத்தும் வெட்டப்படும். சுடரின் நடுவில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்ற மஞ்சள் திட்டாக, விளிம்பில் வெட்டுக்கோட்டுடன் நிற்கும். கணினி வரைகலையைக் "கணினி வரைகலை" என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள வைக்கும் அறிகுறிகளில் இது முதன்மையானது.

படச்சுருள் அப்படி வெட்டுவதில்லை. ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-இல் அளந்து காட்டியபடி, ஒளிக்குப் படச்சுருள் தரும் எதிர்வினை நேர்க்கோடாக இல்லாமல் வளைகோடாக இருக்கிறது. இருட்டில் மெல்லத் தொடங்கி, நடுவில் ஏறி, பிரகாசத்தில் மெல்ல மெல்லச் சாய்ந்து அடங்கும். அதனால்தான் பழைய படங்களில் ஜன்னல் வழியே வரும் வெயில் சட்டென்று வெளுக்காமல், வெண்மைக்குள் இதமாகக் கரைகிறது. 2017-இல் 2.79 பதிப்போடு வந்த ஃபில்மிக் என்ற மாற்றமும், 2023-இல் 4.0 பதிப்பிலிருந்து இயல்புநிலையாக அமைந்திருக்கும் ஏஜிஎக்ஸ் என்ற மாற்றமும் இந்த வளைகோட்டின் குணத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. குறிப்பாக ஏஜிஎக்ஸில், செறிந்த நீலமோ சிவப்போ பிரகாசம் கூடக் கூட நிறம் தளர்ந்து வெண்மையை நோக்கிச் செல்கிறது. அதே காட்சியை, வேறெதையும் தொடாமல், ஸ்டாண்டர்டிலும் ஏஜிஎக்ஸிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒளியின் கணக்கு ஒன்றே. ஆனால் இரண்டாவது படம் புகைப்படம் போலவும், முதலாவது வீடியோ கேம் காட்சி போலவும் தெரியும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு வளைகோடு இன்றைய மென்பொருளின் இயல்புநிலை அமைப்பில் உயிரோடு இருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் ஒளிவேதியியல் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் காட்டும் இடமும் இதுவே.

கேமரா அமைப்புகளில் இந்த மரபு இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது. பிளெண்டரில் புதிதாக ஒரு கேமராவை வைத்தால் அதற்கு 36 மில்லிமீட்டர் அகலச் சென்சாரும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் இருக்கும். வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம். அசைவின் தடத்தைப் பதியும் மோஷன் பிளரை இயக்கினால் ஷட்டர் பாதி ஃபிரேம் நேரம் திறந்திருக்கும். 35 மில்லிமீட்டர் ஸ்டில் கேமராவின் ஃபிரேம் அளவும், பேசும்படம் வந்தபோது நிலைபெற்ற வேகமும், 180 பாகை ஷட்டரும் ஒரு கணினிக் கேமராவுக்கு எந்த வகையிலும் அவசியமில்லை. ஆயினும் அவற்றை மாற்றியவுடன் படம் அந்நியமாகிவிடுகிறது. 2012-இல் வெளியான ஹாபிட் படம் வினாடிக்கு 48 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. அசைவு கண்ணுக்கு மிக நெருக்கமாக, மிகத் தெளிவாக இருந்தது. பலருக்கு அந்தத் தெளிவே தொலைக்காட்சி நாடகத்தைப் பார்ப்பது போன்ற உணர்வைத் தந்து, செட்டையும் ஒப்பனையையும் காட்டிக்கொடுத்தது.

அசைவின் தடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1933-இன் கிங் காங் முதல் ரே ஹாரிஹவுசனின் எலும்புக்கூடுகள் வரை, ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு ஃபிரேமிலும் பொம்மை அசையாமல் நிற்பதால் படம் கூராக விழும். ஓடும்போது அந்தக் கூர்மை ஒரு வெட்டுத் துடிப்பாகத் தெரியும். அதற்காகவே ஸ்டாப் மோஷன் கலைஞர் பில் டிப்பெட்டும் அவரோடு இருந்தவர்களும் ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையை மோட்டாரால் அசைக்கும் கோ மோஷன் முறையை உருவாக்கி, 1981-இல் வந்த டிராகன்ஸ்லேயரில் பயன்படுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஜுராசிக் பார்க்கில் டைனோசர்களைக் கணினியில் செய்ய முடிவானபோது டிப்பெட்டின் அனுபவம் வீணாகவில்லை. பொம்மையின் மூட்டுகளில் உணரிகளைப் பொருத்தி, ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் கையால் அசைத்தால் கணினிக்குள் உள்ள டைனோசர் அசையும்படி ஒரு கருவியை அமைத்தார்கள். அந்தப் படத்தின் விலங்குகள் இன்றைய பார்வையிலும் நம்பும்படி இருப்பதற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். மோஷன் பிளர் என்ற ஒரே ஒரு டிக் குறிக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது. பிளெண்டரில் அது இயல்புநிலையில் அணைந்திருக்கும். ரெண்டர் நேரத்தைப் பற்றிய கவலையில் மாணவர்கள் அதை அணைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். அசைவு துடிப்பதற்கான காரணத்தைப் பிறகு, அசைவின் முக்கிய நிலைகளைக் குறிக்கும் கீஃபிரேம்களில் தேடுகிறார்கள்.

குவியத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை மங்கவைக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டும் அப்படியே அணைந்த நிலையில் வருகிறது. அணைந்திருந்தால் கண் முன்னால் உள்ள தூசியும் அடிவானமும் ஒரே கூர்மையில் நிற்கும். எந்த லென்ஸுக்கும் அது சாத்தியமில்லை. சிட்டிசன் கேன் படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டு முன்னும் பின்னும் கூர்மையாக இருக்கும் காட்சிகளுக்காக அகலக் கோண லென்ஸ், சிறிய துளை, கடும் விளக்குகள் என்று எல்லாவற்றையும் கூட்டியும் போதாமல், சில காட்சிகளை ஒரே நெகட்டிவில் இரண்டு முறை பதிவுசெய்ய வேண்டியிருந்தது. வரம்பில்லாத கூர்மையை இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளில் அமர்ந்துகொண்டு, நாம் வரம்பைத் தேடி, லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் எஃப் ஸ்டாப்பைக் குறைக்கிறோம். வால்-இ படத்துக்காகப் பிக்ஸார் செய்தது இதையே பெரிய அளவில். பழைய பானவிஷன் கேமராக்களைக் கொண்டுவந்து மாதிரிப் பொம்மைகளைப் படம்பிடித்து, ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸை ஆலோசனைக்கு அழைத்து, லென்ஸின் நெளிவும் குவியத் தடுமாற்றமும் எப்படி இருக்கும் என்று படித்து அவற்றைக் கணினிக் கேமராவுக்குள் சேர்த்தார்கள். பிளெண்டரில் அனமார்ஃபிக் லென்ஸின் நீள்வட்டப் பொக்கேயை, அதாவது குவியத்துக்கு வெளியே மங்கும் ஒளித்திட்டுகளைப் பெற ரேஷியோ என்ற ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. துளையின் இதழ்களின் எண்ணிக்கையையும் மாற்றலாம். அக்கறையோடு செய்யப்பட்ட பகுதி இது.

மனித முகத்தில் மட்டும் கருவியின் உதவி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதியது போல, மனிதத் தோற்றத்தை நெருங்க நெருங்க ஓர் இடத்தில் ஈர்ப்பு சட்டென்று அருவருப்பாக மாறுகிறது. 2001-இன் ஃபைனல் ஃபேண்டசி படத்தில் கதாநாயகிக்கு மட்டும் சுமார் 60,000 முடிகளைத் தனித்தனியாக அசைத்தார்கள். தோலும் கண்ணும் உயிரற்றிருந்தன, படம் தோற்று அதை எடுத்த நிறுவனமும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படத்தில் வந்த கோலும் என்ற கணினிக் கதைமாந்தர் வென்றதற்கு, தோலுக்குள் ஒளி புகுந்து சிதறுவதை ஹென்ரிக் வான் ஜென்சன் குழுவினர் 2001-இல் கணக்கிடக் காட்டிய வழி ஒரு காரணம், ஆண்டி செர்கிஸின் நடிப்பு இன்னொரு காரணம். முதலாவது பிளெண்டரில் இருக்கிறது, 2.80 முதல் இன்னும் துல்லியமான ரேண்டம் வாக் முறையும் சேர்ந்து, காது மடலில் பின்னொளி சிவப்பது அழகாகவே வருகிறது. இரண்டாவதை எந்த மென்பொருளிலும் தேட முடியாது.

பிளெண்டரின் இன்னொரு எஞ்சினான ஈவீயைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை குறைபட்டுவிடும். 2019-இல் 2.80 பதிப்போடு வந்த இது, வீடியோ கேம் எஞ்சின்களைப் போல உடனுக்குடன் ரெண்டர் செய்வது. திரைக்கு வெளியே இருக்கும் பொருளைப் பிரதிபலிப்பில் சரியாகக் காட்ட இயலாது. பட்டுத் திரும்பும் ஒளியைத் தோராயமாகவே கணக்கிடும். ஆனால் லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கி 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ஃப்ளோ, பிளெண்டரில் உருவாகி ஈவீயில் ரெண்டர் ஆன படம். அதில் பூனையின் மயிரை ஒவ்வொன்றாக எண்ண முடியாது; தூரிகையால் தீட்டியது போன்ற திட்டுகள்தான். ஆனால் கேமரா, கையில் ஏந்திய ஒருவர் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடுவது போலவே நடந்துகொள்கிறது. சற்றே தாமதமாகத் திரும்புகிறது, தண்ணீருக்குள் மூழ்கி எழுகிறது, வெட்டில்லாமல் நீண்ட நேரம் உடன் செல்கிறது. பரப்பின் நிஜத்தை விட்டுக்கொடுத்து, கேமராவின் நிஜத்தை அந்தப் படம் பிடித்துவைத்திருக்கிறது; வெள்ளம் நம்மை அச்சுறுத்துவதும் அதனால்தான். மடிக்கணினி மட்டுமே கையில் உள்ள மாணவர்கள் சைக்கிள்ஸின் தாமதத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் இந்தப் படத்தைக் கேமராவுக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குவளையின் அடியில் நெளியும் ஒளிக்கோலங்களைச் சைக்கிள்ஸ் எளிதில் தருவதில்லை, 3.2 பதிப்பில் வந்த வசதி சில அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், மற்றபடி தாறுமாறான வெண்புள்ளிகளோடு போராட வேண்டும். ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாக மட்டும் பிரித்துக் கணக்கிடுவதால், பட்டகத்தில் வெள்ளொளி வானவில்லாகப் பிரிவது தானாக வராது. ஷேடரில் சில தந்திரங்கள் செய்தே பெற முடியும். மெனுக்களின் அடுக்கு புதியவரைத் திணறடிக்கும். இவற்றையெல்லாம்விட மாணவருக்கு முக்கியமானது, திரைப்படக் காட்சி விளைவுகளைச் செய்யும் பெரிய வி.எஃப்.எக்ஸ். நிறுவனங்கள் பல மாயா, ஹௌடினி, நியூக் ஆகிய மென்பொருள்களைச் சுற்றியே தங்கள் பணிமுறையை அமைத்திருக்கின்றன என்பது. பிளெண்டர் மட்டும் தெரிந்தால் அங்கே வேலை உறுதி என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. ஒளி, லென்ஸ், பரப்பு ஆகியவற்றைப் பற்றி இதில் கற்றது எந்த மென்பொருளுக்கும் கூடவே வரும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. நீண்டகால ஆதரவுள்ள எல்.டி.எஸ். பதிப்புகளில் ஒன்றை எடுங்கள். அவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரை திருத்தங்கள் வரும், எடுத்த வேலை நடுவில் குலையாது. பிளெண்டர் ஸ்டுடியோ தன் குறும்படங்களுக்காக உருவாக்கிய கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் நடிகர்களை வைத்துப் படமாக்கி, கணினி வரைகலையோடு இணைத்த டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் அவற்றில் ஒன்று. நிஜமான லென்ஸில் பதிவான படத்தோடு கணினிப் பொருளை எப்படிப் பொருத்தினார்கள் என்பதை அந்தக் கோப்புகளைத் திறந்து, நோட் நோட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். நான் அறிந்த பயிற்சிகளில் நிஜத்தோற்றத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. நினைவகம் 16 ஜிபிக்குக் குறையாத கணினியும், ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் இந்தப் பயிற்சியை வீட்டிலிருந்தே செய்யலாம். அட்டை இல்லாதவர்கள் ஒற்றைப் பொருள், ஒற்றை விளக்கு, நிலைப்படம் என்று தொடங்கினால் சைக்கிள்ஸ் அவர்களையும் கைவிடாது.